தண்ணீருக்கடியில் விளையாட்டு: மெதுவாக ஆடுபவரே ஜெயிக்க வேண்டும்

வந்த கேள்வி இது: "நாங்கள் நான்கு பேர். ஸ்கூபா டைவிங் சான்றிதழ் வாங்கி ஆளுக்கு முப்பது நாற்பது டைவ் முடித்துவிட்டோம். பழகப் போவது எப்போதும் ஒரே இடம். பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழம், அடியில் வெறும் மணல், மீனும் அதிகம் இல்லை. சிலிண்டரில் பாதிக் காற்று இருக்கும்போதே சலித்துப்போய் மேலே வந்துவிடுகிறோம். தண்ணீருக்கடியில் என்னென்ன விளையாடலாம்? எதெல்லாம் ஆபத்து?"

நீங்கள் குறையாகச் சொன்ன மூன்றுமே விளையாட்டுக்கு வரம். மணல் தரை என்றால் கால் பட்டு உடைய பவளப்பாறை இல்லை. ஆழம் குறைவு என்றால் காற்று நிறைய நேரம் வரும். பழகிய இடம் என்றால் வழி தவறும் பயம் இல்லை. பல வருடங்களாக டைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். புது இடம் பார்க்கப் போகும் டைவைவிட, இப்படிப்பட்ட வெறும் மணலில் மாணவர்களோடு ஆடிய டைவ்கள்தான் எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன.

எந்த விளையாட்டு சரி, எது கூடாது என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஜெயிக்கப்போவது வேகமானவரா, நிதானமானவரா? நிதானமானவர் என்றால் ஆடலாம். வேகமானவர் என்றால் சிலிண்டரை மாட்டிக்கொண்டு அதை ஆடக் கூடாது.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்தால் ஏறக்குறைய 2400 லிட்டர். அதில் 50 பார், அதாவது 600 லிட்டர், தொடக் கூடாத இருப்பு. மிச்சம் 1800. நிதானமாக இருப்பவர் நிலத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் சுவாசிப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால் அங்கே அது 30 லிட்டர். ஒரு மணி நேரம் தாங்கும். அதே ஆள் துரத்திப் பிடிக்கிறேன் என்று ஃபினை (காலில் மாட்டும் துடுப்பை) உதைத்து மூச்சு வாங்கினால் மூன்று மடங்கு எளிதாகப் போய்விடும். அப்போது 20 நிமிடம்தான். காற்று தீர்வது மட்டும் இல்லை. வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு உடலில் சேர்ந்து, காற்று போதவில்லை என்ற திணறல் வரும். பதற்றம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன்பே சில விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள். ஆழம் 5 முதல் 8 மீட்டருக்குள், நீரோட்டம் இல்லாத நாள், ஒருவரையொருவர் தெளிவாகப் பார்க்கும் அளவுக்கு நீர் தெளிவு. நடுவில் ஒரு மிதவைக் கயிறு நட்டுவிட்டால் எல்லோருக்கும் அதுவே மைதானத்தின் கம்பம். நால்வரில் ஒருவர் ஆடாமல் நடுவராக இருக்கட்டும், மாற்றி மாற்றி. எவர் சிலிண்டரிலாவது 70 பார் தொட்டால் ஆட்டம் அத்தோடு நின்றது. மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஆட்டம் எதுவும் வேண்டாம். காதுக்கும் நல்லதில்லை, உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் பாதுகாப்பாக வெளியேறவும் அது ஒத்துவராது.

மூச்சை அடக்கக் கூடாது. முதல் வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள், ஆனால் விளையாட்டின் மும்முரத்தில் முதலில் மறப்பதும் இதுதான். ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து அடக்கிக்கொண்டு வெறும் 1.2 மீட்டர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியும் அளவுக்குக் காற்று விரியலாம். உங்கள் உயரத்தைவிடக் குறைவு அது.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். முதலில் எனக்கு மிகவும் பிடித்தது: அந்தரத்தில் உட்காருதல்.

சம்மணம் போட்டு, இரண்டு ஃபின் நுனிகளையும் கைகளால் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அசையாமல் மிதக்க வேண்டும். கை ஆட்டினால் அவுட். மணலைத் தொட்டால் அவுட். காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைச் சரிசெய்யும் பி.சி.டி. ஜாக்கெட்டின் பொத்தானைத் தொட்டாலும் அவுட். கேட்க எளிது. உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், உடம்பு எவ்வளவு அலைகிறது என்று. மூச்சை இழுத்தால் உடனே மேலே போக மாட்டீர்கள். இரண்டு மூன்று நொடி கழித்துத்தான் உடம்பு மெல்ல எழும். விட்டாலும் அப்படியே. புதியவர்கள் அந்த இரண்டு நொடிக்குப் பொறுக்காமல் "இன்னும் எழவில்லையே" என்று மேலும் இழுப்பார்கள், பிறகு கட்டுப்பாடில்லாமல் எழுவார்கள். பழகியவர், எழத் தொடங்கும் முன்பே மூச்சை விட ஆரம்பித்திருப்பார்.

ஒருமுறை ஒரு குழுவில் நன்றாக நீந்தும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களோடு, நீச்சல் சுமாராக வரும், அதிகம் பேசாத ஒரு அம்மாவும். நீச்சல்காரர்கள் இருவரும் ஒரு நிமிடம் தாண்டவில்லை. கை தானாக ஆடிவிடுகிறது, அது அவர்கள் பழக்கம். அந்த அம்மா ஆறு நிமிடம் உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஒரு கை அகலம் ஏறும், ஒரு கை அகலம் இறங்கும். வேறு அசைவே இல்லை. குமிழிகள் மட்டும் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தன. அன்று மேலே வந்த பிறகு மற்ற இருவரும் அவரிடம்தான் போய், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள்.

இது கைவந்த பிறகு ஈயக்கட்டி மாற்றும் ஆட்டத்துக்குப் போகலாம். இரண்டு பேர் எதிரெதிரே அந்தரத்தில் மிதக்க வேண்டும். ஒருவர் கையில் கூடுதலாக ஒரு கிலோ ஈயக்கட்டி. பெல்ட்டிலிருந்து கழற்றியது இல்லை, தனியாகக் கொண்டுபோனது. அவர் அதைச் சேர்த்தே தன் மிதப்பைச் சமன் செய்து வைத்திருப்பார். இப்போது கட்டியை மற்றவரிடம் நீட்டுகிறார். வாங்கியவர் இறங்கத் தொடங்குவார், கொடுத்தவர் எழத் தொடங்குவார். பொத்தானைத் தொடாமல், மூச்சை மட்டும் வைத்து இருவரும் பழைய உயரத்துக்கு வர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. ஆகவே வாங்கியவரின் நுரையீரலில் சராசரியாக ஒரு லிட்டர் காற்று கூடுதலாக நிற்க வேண்டும், கொடுத்தவருக்கு ஒரு லிட்டர் குறைய வேண்டும். நிறைந்த நெஞ்சோடு மேலோட்டமாக மூச்சு விட்டு வாங்குவதும், காலியான நெஞ்சோடு அதையே செய்வதும் எப்படி இருக்கும் என்று உடம்பு இதில் கற்றுக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எந்த இடத்திலும் பூட்டக் கூடாது. ஒரு கிலோ கடினம் என்றால் அரைக் கிலோவில் தொடங்குங்கள். இரண்டு முறை கை மாறுவதற்குள் இருவர் முகத்திலும் சிரிப்பு வந்து மாஸ்க்கில் தண்ணீர் கசியும். மாஸ்க்கில் புகுந்த நீரை வெளியேற்றிக்கொண்டே உயரம் மாறாமல் நிற்பவருக்கு நான் கூடுதல் புள்ளி கொடுப்பேன்.

வளையத்துக்குள் நுழைந்து போவதும் இதே வகை. பிளாஸ்டிக் வளையத்தின் அடியில் ஈயம் கட்டி, மேலே சின்ன மிதவை கட்டினால் தண்ணீரின் நடுவில் நிமிர்ந்து நிற்கும். உடம்பின் எந்தப் பாகமும் படாமல் கடக்க வேண்டும். தலை எளிதாகப் போய்விடும், சிலிண்டரின் வால்வுதான் மாட்டும். முதுகுக்குப் பின்னால் எவ்வளவு இடம் அடைக்கிறோம் என்பது பலருக்கு அப்போதுதான் புரிகிறது. பவளப்பாறைக்குப் பக்கத்தில் போகும் நாளில் அந்தப் புரிதல் உதவும்.

அடுத்து முட்டை. கரண்டியில் முட்டை வைத்து நடக்கும் பந்தயம் எல்லோருக்கும் தெரியும். தண்ணீருக்கடியில் அது வேறு விளையாட்டாகிவிடுகிறது. புது முட்டை தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அடர்த்தி அதிகம். அதனால் தண்ணீரில் அதன் எடை சில கிராம்தான். கரண்டியில் இருப்பதே கைக்குத் தெரியாது. பக்கத்தில் யாராவது ஃபினை அசைத்தால் போதும், அந்த அலையிலேயே முட்டை எழுந்து நகர்ந்துவிடும். அவசரப்பட்டு எட்டிப் பிடித்தால் கை தள்ளும் நீரே அதை இன்னும் தூரம் கொண்டுபோகும். கரண்டியை அதன் அடியில் மெல்லக் கொண்டுபோய்க் காத்திருக்க வேண்டும். அவிக்காத முட்டையும் போதும், அவித்ததும் போதும். பதிலுக்கு கோல்ஃப் பந்து வைத்தால் இதே ஆட்டம் கொஞ்சம் எளிதாகும்.

பச்சை முட்டையை அடியில் உடைத்துப் பார்க்கும் வேடிக்கையும் உண்டு. ஓட்டை மெதுவாக உடைத்துப் பிரித்தால் மஞ்சள் கரு உருண்டையாக, வெள்ளைக் கரு அதைச் சுற்றிப் புகைபோல, அந்தரத்தில் நிற்கும். விரலால் தொட்டால் பந்துபோல நகரும். "ஆழத்தின் அழுத்தம் ஓடுபோல் சுற்றி அழுத்துகிறது, அதனால்தான் சிதறவில்லை" என்று பலர் விளக்குவார்கள். அது சரியில்லை. அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு என்பதால் அது வடிவத்தைப் பிடித்து வைப்பதில்லை. தட்டில் ஊற்றிய கரு தன் எடையாலேயே பரவிவிடுகிறது. தண்ணீரில் அந்த எடையைச் சுற்றியுள்ள நீரே தாங்கிக்கொள்வதால், மெல்லிய சவ்வு ஒன்றே உருண்டையைக் காக்கப் போதும். மூன்று மீட்டரிலும் இது நடக்கும், ஆழமே தேவையில்லை. ஆனால் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியிலும் நீச்சல் குளத்திலும் இதைச் செய்யாதீர்கள். மீனுக்குத் தீனி போடுவது பல இடங்களில் தடை, குளத்துத் தண்ணீருக்கும் கெடுதல்.

நிறம் கண்டுபிடிக்கும் ஆட்டத்துக்குச் செலவே இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், பழுப்பு, கறுப்பு என்று பிளாஸ்டிக் துண்டுகள் வெட்டி, பின்பக்கம் எண் எழுதி ஒரு வலைப்பையில் கொண்டுபோங்கள். அடியில் ஒவ்வொருவரும் துண்டுகளைப் பார்த்து, எது என்ன நிறம் என்று தன் சிலேட்டில் எழுத வேண்டும். எல்லோரும் எழுதிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கும். ஐந்து மீட்டரிலேயே சிவப்பு மங்கத் தொடங்கும், பத்து மீட்டர் நெருங்கும்போது பழுப்பா கறுப்பா என்று சந்தேகம் வரும். அடுத்தது ஆரஞ்சு, பிறகு மஞ்சள். நீலம்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஆழத்தில் விரல் கீறினால் ரத்தம் பச்சையாகத் தெரிவதும் இதனால்தான். ஒரு பொடி வைக்க விரும்பினால், ஒளிரும் சாயம் பூசிய ஆரஞ்சுத் துண்டு ஒன்றையும் சேர்த்துவிடுங்கள். அந்தச் சாயம் நீல ஒளியை வாங்கி ஆரஞ்சாகத் திருப்பித் தரும். ஆகவே மற்றதெல்லாம் சாம்பலாகிப்போன ஆழத்திலும் அது பளிச்சென்று இருக்கும். டைவ் கருவிகளில் அந்த நிறத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு இணையாகக் காதுக்கும் ஓர் ஆட்டம். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு மணலில் மண்டியிட்டு இருக்க, மற்றவர்கள் சுற்றி நிற்க வேண்டும். ஒருவர் தன் சிலிண்டரை உலோகத் துண்டால் ஒருமுறை தட்டுவார். ஓசை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்ணைத் திறக்காமல் கை நீட்டிக் காட்ட வேண்டும். நிலத்தில் இது குழந்தை விளையாட்டு. தண்ணீரில் பெரும்பாலும் தவறாகத்தான் காட்டுவார்கள். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, நீரில் 1500 மீட்டர். இடது காதுக்கும் வலது காதுக்கும் இடையே ஓசை எட்டும் நேர வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைச் சொல்கிறது. நீரில் அந்த வித்தியாசம் கால்பங்குக்கும் கீழே சுருங்கிவிடுவதால் ஓசை தலைக்குள்ளேயே கேட்பதுபோல இருக்கும். இந்த ஆட்டம் ஆடியவர்கள், உடன் இறங்கிய ஜோடி டைவர் தன் சிலிண்டரைத் தட்டிக் கூப்பிட்டால் ஒரே பக்கம் பார்த்துவிட்டு விடாமல் முழுதாகச் சுற்றிப் பார்ப்பார்கள்.

சிலேட்டும் பென்சிலும் இருந்தால் மூன்றுக்கு மூன்று கட்டத்தில் X, O போடும் விளையாட்டு, எழுத்து நிரப்பிச் சொல் கண்டுபிடிப்பது, படம் வரைந்து கண்டுபிடிப்பது எல்லாம் ஆடலாம். நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தரையிலும் ஆடக்கூடியவை. மிதந்துகொண்டே ஆட வேண்டும் என்று விதி சேர்த்தால் கொஞ்சம் சூடு பிடிக்கும். கைக்குக் கை சைகைச் செய்தி அனுப்புவது இவற்றைவிட மேல். வரிசையாக நின்று, முதல் ஆள் ஒரு செய்தியைச் சைகையில் காட்ட, பார்த்தவர் திரும்பி அடுத்தவருக்குக் காட்ட, கடைசி ஆள் சிலேட்டில் எழுத வேண்டும். "பெரிய ஆமை, வலப்பக்கம், மெதுவாக வா" என்று கிளம்பிய செய்தி நாலாவது ஆளிடம் என்னவாகப் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்.

ஆனால் சைகை ஆட்டங்களில் ஒரு விதியை நான் கண்டிப்பாக வைப்பேன். டைவிங்கின் உண்மையான சைகைகளை நடிப்பில் சேர்க்கக் கூடாது. கட்டைவிரல் உயர்த்தினால் "மேலே போவோம்", கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் "காற்று இல்லை", உள்ளங்கையை ஆட்டினால் "ஏதோ சரியில்லை". ஒருமுறை டம்ப் ஷராட்ஸ் (பேசாமல் நடித்துக் காட்டிக் கண்டுபிடிக்க வைக்கும் ஆட்டம்) ஆடும்போது ஒருவர் கொலைக் காட்சி ஒன்றை நடிக்க, கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார். நான் யோசிக்கவே இல்லை. அடுத்த நொடி என் மாற்று ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க வாயில் வைக்கும் கருவி) அவர் முகத்துக்கு நேரே இருந்தது, மறு கையால் அவர் ஜாக்கெட்டைப் பிடித்திருந்தேன். அவர் திகைத்துப்போய் அதை வாங்கி வாயில் வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் மேலே வந்து, அன்றைய டைவை அங்கேயே முடித்துக்கொண்டோம். அந்தச் சைகைக்கு எப்போதும் ஒரே அர்த்தம்தான் இருக்க வேண்டும்.

திசைகாட்டி வைத்து ஆடும் புதையல் வேட்டை உங்கள் இடத்துக்கு மிகவும் பொருந்தும். நடுவர் முன்னதாக இறங்கி, எண் எழுதிய நாலைந்து ஈயத் துண்டுகளை மணலில் வைத்துவிட்டு வருவார். ஜோடிக்கு ஒரு சீட்டு: "கம்பத்திலிருந்து 60 டிகிரி, 20 உதை. அங்கிருந்து 150 டிகிரி, 15 உதை." தண்ணீரில் மீட்டர் அளக்க முடியாது, உதைக் கணக்குதான். ஒருவர் திசைகாட்டியை மட்டும் பார்க்க, மற்றவர் உதை எண்ண வேண்டும். நேரம் கணக்கில் வரக் கூடாது. எத்தனை துண்டு கிடைத்தது, திரும்பி வந்தபோது யார் சிலிண்டரில் அதிகக் காற்று இருந்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் வெற்றி. கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும்போது ஒளி விலகலால் பொருட்கள் கால்பங்கு அருகில், மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பதால், "இதோ இருக்கிறது" என்று நீட்டிய கை குறைவாகவே எட்டும். இதையே முழுநேர விளையாட்டாக ஆடுபவர்களும் இருக்கிறார்கள். நீரடி ஓரியன்டீரிங் என்று பெயர், உலகப் போட்டிகளே நடக்கின்றன. ஆனால் அது வேகப் போட்டி, தனிப் பயிற்சி வேண்டும்.

ஈயத் துண்டுக்குப் பதிலாகக் குப்பையைத் தேடினாலும் வேட்டைதான். டைவர்கள் அடியில் கிடக்கும் குப்பையை எடுத்து, எண்ணி, வகைப்படுத்திப் பதிவு செய்யும் 'டைவ் அகெய்ன்ஸ்ட் டெப்ரிஸ்' என்ற திட்டம் 2011 முதல் நடக்கிறது. பாட்டிலுக்கு 1 புள்ளி, தூண்டில் நரம்புக்கு 5 புள்ளி என்று நீங்களே வைத்துக்கொள்ளலாம். எடுக்கும் முன் பாட்டிலுக்குள் நண்டோ குட்டி ஆக்டோபஸோ குடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அவர்கள் வீடு, விட்டுவிடுங்கள்.

காற்றுக் குமிழி வளையம் விடுவதைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பார்க்க அவ்வளவு அழகு. நீச்சல் குளத்திலோ, மூன்று நாலு மீட்டர் மணலிலோ மல்லாந்து படுத்து, ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்து, வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்நோக்கிப் பிடித்தால் காற்று தானாகப் பீறிடும். உதட்டை மூடி, கன்னத்தில் கொஞ்சம் காற்றை நிறுத்தி, "ப்பா" என்று ஒரே தட்டாக விட்டு உடனே உதட்டை மூட வேண்டும். நிறைய ஊத வேண்டியதில்லை. திடீரென விட்டு திடீரென நிறுத்துவதில்தான் வளையம் பிறக்கிறது. குமிழியின் அடிப்பக்கத்தில் நீரழுத்தம் மேற்பக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதனால் கீழிருந்து நீர் தாரையாக ஏறி நடுவே துளைக்கிறது, துளைத்த குமிழி தன்னைத்தானே சுற்றிச் சுழலும் வளையமாகிறது. மேலே போகப் போக அது அகன்று, மெலிந்து, வெள்ளி வளையல்போல மின்னி, நீர்மட்டத்துக்கு அருகே உடையும். டால்ஃபின்களும் பெலுகா திமிங்கலங்களும் இதே வேலையைச் செய்து, தாங்கள் விட்ட வளையத்தோடு தாங்களே விளையாடுகின்றன.

மூன்று நிபந்தனை. ரெகுலேட்டர் வாயில் இல்லாத ஒவ்வொரு நொடியும் சிறு குமிழியாவது கசிந்துகொண்டிருக்க வேண்டும். வளையத்துக்கு வளையம் நடுவில் ரெகுலேட்டரை வாயில் வைத்து, நீரை ஊதி வெளியேற்றி, இரண்டு மூச்சு நிதானமாக எடுக்க வேண்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

'டார்பீடோ' என்று கடைகளில் கிடைக்கும் ரப்பர் பொம்மை நீரில் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். ஐந்து மீட்டர் தள்ளி நின்று எறிந்து பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. தவறவிட்டதை ஓடிப்போய் எடுக்காமல், மெல்லப் போய் எடுக்க வேண்டும் என்பது மட்டும் விதி.

இனி குழப்பம் வரக்கூடிய ஒன்று. "நீரடி ஹாக்கி, ரக்பி எல்லாம் உலகப் போட்டியாகவே நடக்கிறதே, நாங்கள் ஆடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். தாராளமாக ஆடுங்கள், சிலிண்டர் இல்லாமல். நீரடி ஹாக்கி 1954இல் இங்கிலாந்தின் சவுத்ஸீயில் ஆலன் பிளேக் தொடங்கியது. குளிர்காலத்தில் கடலுக்குப் போக முடியாத டைவிங் கிளப் உறுப்பினர்கள் கலைந்துவிடாமல் இருக்கத்தான் அந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அணிக்கு 6 பேர் நீரில், குளத்தின் தரையில் வழுக்கும் ஈயத் தட்டு, கையளவு மட்டை. நீரடி ரக்பி 1961இல் ஜெர்மனியில் லுட்விக் ஃபான் பெர்சுடாவின் யோசனையில் பிறந்தது. பந்துக்குள் உப்புநீர் நிரப்பியிருப்பதால் அது மூழ்கும். 2013இல் லண்டனில் அறிமுகமான டைவிங் செஸ்ஸில் காந்தப் பலகை நீருக்கடியில் இருக்கும். மூச்சடக்கிப் போய்க் காய் நகர்த்திவிட்டுத்தான் மேலே வர வேண்டும். மூன்றுமே மூச்சடக்கி ஆடும் ஆட்டங்கள்.

அங்கே அடக்கலாம், இங்கே கூடாதா? கூடாது, காரணம் இது. மூச்சடக்கிப் போகிறவர் மேலேயே 6 லிட்டர் காற்றை இழுத்துக்கொண்டு போகிறார். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும், திரும்பி வந்தால் மறுபடி அதே 6. நீங்கள் சிலிண்டரிலிருந்து 10 மீட்டரில் 6 லிட்டர் இழுக்கிறீர்கள். அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராக விரியப் பார்க்கும். 6 லிட்டருக்கு மேல் இடமே இல்லாத நுரையீரலில். இதனால்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள் என்கிறேன். மேலிருந்து மூச்சடக்கி வந்த நண்பருக்கு விளையாட்டாகக் கூட உங்கள் ரெகுலேட்டரை நீட்டாதீர்கள். ஒரே ஒரு மூச்சு வாங்கி, வழக்கம்போல அடக்கிக்கொண்டே அவர் மேலே போய்விடுவார்.

வேறு சிலவற்றையும் நான் அனுமதிப்பதில்லை. கண்ணாமூச்சி வேண்டாம், ஜோடியிடமிருந்து மறைவதுதான் அதன் அடிப்படையே. பின்னால் வந்து மாஸ்க்கைப் பிடுங்குவது, ஃபினை இழுப்பது, சிலிண்டர் வால்வில் கை வைப்பது, இவற்றில் ஒன்றும் விளையாட்டில்லை. மேலே யார் முதலில் என்ற போட்டி நினைத்தும் பார்க்கக் கூடாதது. பலூன் ஊதி விடுவதும் வேண்டாம், வெடித்த ரப்பர் கடலில்தான் தங்கும். உயிரினங்களைத் தொடுவது, துரத்துவது, பஃபர் மீனை ஊதவைத்து வேடிக்கை பார்ப்பது, இதெல்லாம் நமக்கு ஆட்டம், அதற்கு உயிர்ப் போராட்டம்.

ஆழ்டைவ் பயிற்சிக்குப் போகும்போது பயிற்சியாளரிடம் கேட்டு ஒன்று ஆடிப் பாருங்கள். ஒரு பலகையில் 1 முதல் 25 வரை எண்களைக் கலைத்து எழுதி, வரிசையாகத் தொட எத்தனை நொடி ஆகிறது என்று படகிலேயே அளந்துவிட வேண்டும். அதேபோல் இன்னொரு பலகையை 30 மீட்டரில் தொட வேண்டும். அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கும். "நான் தெளிவாகத்தானே இருந்தேன்" என்று சொல்பவரின் நேரம்கூடப் பெரும்பாலும் கூடியிருக்கும்.

கடைசியாக, சேஃப்டி ஸ்டாப். மேலே வரும் முன் 5 மீட்டரில் 3 நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்த நேரம்தான் பலருக்குப் பெரிய சலிப்பு. நாங்கள் அங்கே ஆடுவது காற்றுக் கணிப்பு. யாரும் கேஜை, அதாவது சிலிண்டரின் அழுத்தமானியை, பார்க்கக் கூடாது. ஒவ்வொருவரும் தன் சிலிண்டரில் எத்தனை பார் மிச்சம் என்று விரலால் காட்ட வேண்டும். பிறகு எல்லோரும் ஒன்றாகக் கேஜைத் திருப்பிக் காட்ட, கணிப்புக்கு மிக நெருக்கமாக வந்தவர் ஜெயித்தார். முதல் முறை 30, 40 பார் தள்ளிப் போகும். டைவின் நடுவிலேயே இரண்டு மூன்று முறை இதை ஆடுங்கள், கணித்ததும் கேஜைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு. பத்துப் பன்னிரண்டு டைவுக்குள் ஐந்து பார் வித்தியாசத்தில் சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். என் பழைய மாணவர்கள் சிலர் இன்றும் என்னோடு இறங்கினால், கயிற்றருகே வந்ததும் கேஜைக் கையால் மூடிக்கொண்டு, மறு கையில் விரல்களை நீட்டியபடி என் பதிலுக்குக் காத்திருப்பார்கள்.